நீங்கலாக விட்ட ஒன்பது குழி: வலிகாமம் வடக்கில் ஒரு குடும்பச் சேமக்காலையைத் தேடிய விபரம்

ரொறன்ரோவில் வாழும் எண்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மா தன் பூட்டனும் பூட்டியும் எந்த மண்ணில் கிடக்கிறார்கள் என்று என்னிடம் கேட்டிருந்தார். கையில் ஒரு பழைய படம் வைத்திருந்தார். சுண்ணாம்புச் சாந்து பூசிய ஐந்து கல்லறைகள், சுற்றி இடுப்பளவு மதில், பின்னால் பனைகள். மலாயாவில் பிறந்த தகப்பனார் இளவயதில் ஊர் பார்க்க வந்தபோது எடுத்த படம். பின்பக்கத்தில் ஓர் எழுத்தும் இல்லை. இடம் யாழ்ப்பாணத்தில், வலிகாமம் வடக்கில் உள்ள தெல்லிப்பழைப் பக்கம் என்பது வாய்வழி வந்த செய்தி. காணி அப்பப்பாவின் முதிசம், அதாவது தகப்பன் வழிச் சொத்து, என்பதும் அப்படி வந்ததுதான்.

குடும்பத்தில் முன்பு தேடியவர்கள் எல்லாரும் அந்தக் கடைசி வார்த்தையை நம்பித்தான் தேடினார்கள். அப்பப்பா வழிக் காணிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். தேவாலய வளவுகளில் கல்லறை கல்லறையாகப் பெயர் வாசித்தார்கள். ஒன்றும் அகப்படவில்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு குடும்பச் சேமக்காலையை, அதாவது கல்லறை வளவை, தேடுகிறவர் பெயரின் பின்னால் மட்டும் போனால் வழி தவறிவிடும் என்பதற்கு இது நல்ல சான்று. காணி யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று பார்க்க வேண்டும். இந்த மண்ணில் காணி பெரும்பாலும் பெண்கள் வழியே நடந்திருக்கிறது. இதே நிலையில் இருக்கும் வேறு குடும்பங்களுக்கும் உதவும் என்பதால் தேடிய முறையை முழுமையாக எழுதுகிறேன். குடும்பத்தவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயர்களையும் குறிச்சியையும் விட்டிருக்கிறேன்.

பெயர்

அந்தக் குடும்பத்தின் பெயர் ஓர் அமெரிக்கப் பெயர். யாழ்ப்பாணத்துப் பழைய கிறிஸ்தவக் குடும்பங்கள் பலவற்றுக்கு அப்படி ஒரு பெயர் உண்டு. அமெரிக்க மிஷனரிமார் 1816இல் தெல்லிப்பழையில் நிலைகொண்டார்கள். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியும், 1824இல் உடுவிலில் பெண்பிள்ளைகள் பாடசாலையும் தொடங்கின. பிள்ளைகளின் உணவுக்கும் படிப்புக்கும் அமெரிக்காவில் இருந்த கொடையாளர்கள் பணம் அனுப்பினார்கள். பணம் அனுப்பியவர் விரும்பும் பெயர் பிள்ளைக்குச் சூட்டப்பட்டது. ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை என்ற பெயர்கள் இப்படி வந்தவைதான். 1841இல் உதயதாரகை வெளிவரத் தொடங்கியபோது அதன் ஆசிரியர்களாக இருந்த ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் இருவரும் தமிழர்கள்தான்.

வம்சாவளி தேடுகிறவருக்கு இதில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. ஒரே கொடையாளரின் பெயர் உறவே இல்லாத இரண்டு பிள்ளைகளுக்குப் போயிருக்கலாம். கூடப்பிறந்த இருவர் இரண்டு வேறு பெயர்களோடு வெளியே வந்திருக்கலாம். ரொறன்ரோ குடும்பத்தின் இளையவர்கள் இணையத்தில் கட்டிவைத்திருந்த வம்ச மரத்தில் மானிப்பாயைச் சேர்ந்த இன்னொரு குடும்பம் முழுவதுமாக ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்கு இருந்த ஒரே காரணம் பெயர் ஒற்றுமை. அந்தக் கிளையை வெட்டிவிட்டுத்தான் வேலையைத் தொடங்க முடிந்தது.

பூட்டனார் மிஷன் பதிவுகளில் அமெரிக்கப் பெயரோடு வருகிறார். காணிப் பத்திரங்களான உறுதிகளில் தமிழ்ப் பெயரோடும் தகப்பன் பெயரோடும் வருகிறார். இரண்டும் ஒரே ஆள் என்று நிறுவாமல் ஓரடிகூட எடுத்துவைக்க முடியாது. நல்ல காலமாகச் சபையின் அங்கத்தவர் பதிவேட்டில் ஞானஸ்நானம் பெற்ற நாளோடு தகப்பன் பெயரும் ஊரும் குறிக்கப்பட்டிருந்தன. ஒரு நொத்தாரிசு (உறுதி எழுதும் சட்ட அலுவலர்) தன் உறுதியில் தமிழ்ப் பெயரை எழுதி, ‘என்று அழைக்கப்படும்’ என்று அமெரிக்கப் பெயரையும் சேர்த்திருந்தார். தகப்பன் பெயரும் ஊரும் இரண்டிலும் ஒத்துவந்தன. இப்படி இரண்டு பெயரையும் சேர்த்து எழுதிய ஓர் உறுதி கிடைப்பது பெரிய பாக்கியம். மிஷன் குடும்பங்களைத் தேடுகிறவர்கள் முதலில் தேட வேண்டிய ஆவணம் அதுதான்.

பதிவுகள் எங்கே இருக்கின்றன என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. அதற்குப் பின் எல்லாம் அழிந்துவிட்டது என்று பலர் தேடாமலே விட்டுவிடுகிறார்கள். மிஷனின் கடிதங்களும் அறிக்கைகளும் அமெரிக்காவில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஹவுட்டன் நூலகத்தில் இருக்கின்றன. மிஷனின் மாதப் பத்திரிகையில் வந்த யாழ்ப்பாணச் செய்திகளை இணையத்தில் வாசிக்கலாம். நூலகம் நிறுவனத்தின் எண்ணிமச் சேகரத்தில் பழைய யாழ்ப்பாண வெளியீடுகள் நிறைய இருக்கின்றன. சபைப் பதிவேடுகள் சில, இடம்பெயர்ந்தவர்களின் கைகளில் ஊர் ஊராகப் போய்த் திரும்பி வந்தவை.

பதிவேட்டின்படி பூட்டனார் உபதேசியாராக வேலை செய்தவர். மனைவி உடுவிலில் படித்தவர். அவர்களுடைய இரண்டு பிள்ளைகள் 1855இல் சில நாள் இடைவெளியில் இறந்திருக்கிறார்கள். வாந்திபேதி யாழ்ப்பாணத்தை வாரிக்கொண்டு போன காலம் அது. தெல்லிப்பழையின் முதல் மிஷனரிமாரில் ஒருவரும் வட்டுக்கோட்டைச் செமினரியின் முதல் அதிபருமான டானியல் பூவர் அந்த நோயில்தான் மானிப்பாயில் இறந்தார். கோவில் வளவு தூரம், நோய்ப் பயம் வேறு. பிள்ளைகள் இருவரையும் வீட்டு வளவிலேயே அடக்கம் செய்ததில்தான் இந்தக் குடும்பச் சேமக்காலை தொடங்கியது என்று கருதுகிறேன். பதிவேட்டில் பிள்ளைகளின் பெயருக்கு எதிரே இடக் குறிப்பு இல்லை. ஆனால் அதற்கு முன் இறந்த உறவினர் ஒருவரின் பெயருக்கு எதிரே கோவில் சேமக்காலை என்று இருக்கிறது. 1855க்குப் பிறகு இந்தக் குடும்பத்தவர் எவருக்கும் அந்தக் குறிப்பு வரவில்லை.

சாவுச் சான்றிதழில் ஒரு மருமகன்

இலங்கையில் பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவு 1867இல் ஒழுங்குக்கு வந்தது. பூட்டனார் அதன் பிறகு இறந்தவர் என்பதால் இறப்புப் பதிவு எடுக்க முடிந்தது. காலமான இடம், வயது, காரணம் எல்லாவற்றையும் விட எனக்குப் பயன்பட்டது தகவல் கொடுத்தவர் யார் என்ற கட்டம். அங்கே இருந்தது மருமகனின் பெயர். அவருடைய வதிவிடமாகப் பூட்டனார் இறந்த வீடே குறிக்கப்பட்டிருந்தது.

ஆண்மக்கள் உயிரோடு இருக்கும்போது மருமகன் ஏன் தகவல் கொடுத்தார்? மகன்மார் ஊரில் இல்லாமல் இருந்திருக்கலாம். வதிவிடம் சொல்வது அதைவிடப் பெரிய சங்கதி. வீடு மகளுக்குச் சீதனமாகப் போயிருக்கிறது. மருமகன் அந்த வீட்டோடு வந்திருக்கிறார். பெற்றோர் மகளோடு இருந்து கண்மூடியிருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் எத்தனையோ வீடுகளின் கதை இதுதான். அப்படியானால் கல்லறைகள் இருந்த வளவு முதிசக் காணி அல்ல.

இந்த இடத்தில் யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒல்லாந்தர் காலத்தில், 1707இல், யாழ்ப்பாணத்துத் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் இங்கத்தைய வழக்கங்களைத் தொகுத்தார். தமிழ் முதலிமார் பன்னிருவர் அதைப் பார்த்துச் சரியென்று ஒப்புக்கொண்டார்கள். 1806இல் ஆங்கிலேயர் அதற்குச் சட்ட வலு கொடுத்தார்கள். அந்தத் தொகுப்பின்படி தகப்பன் வழி வந்த முதிசம் ஆண்மக்களுக்குப் போகும். தாயின் சீதனம் பெண்மக்களுக்குச் சீதனமாகப் போகும். கணவனும் மனைவியும் சேர்ந்து சம்பாதித்தது தேடியதேட்டம். சீதனம் வாங்கிக்கொண்டு போன மகள், பெற்றோரின் மிகுதிச் சொத்தில் பங்கு கேட்க முடியாது. 1911இல் யாழ்ப்பாண விவாக உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச்சட்டம் வந்து பலதையும் மாற்றியது. இந்தக் குடும்பத்தின் முக்கியமான உறுதிகள் எல்லாம் அதற்கு முந்தியவை.

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். குடும்பப் பெயர் மகன்மாரோடு போகிறது. இந்த வீட்டின் மகன்மார் மலாயாவுக்குப் போனார்கள், பெயரும் கப்பலேறியது. வளவு மகளிடம், பிறகு அவருடைய மகளிடம், அதன் பிறகு அடுத்த மகளிடம் என்று மூன்று நான்கு தலைமுறை நடந்தது. ஒவ்வொரு தலைமுறையிலும் அந்த வளவுக்குப் புதிய மருமகனின் பெயர் வந்து ஒட்டியது. நூறு வருடத்தில் கல்லறைக்குள் கிடப்பவரின் பெயருக்கும் காணிக்காரரின் பெயருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அமெரிக்கப் பெயரைக் கொண்டு காணிப் பதிவகத்தில் எவ்வளவு தேடினாலும் அந்த வளவு அகப்படாது.

மருமகனின் பெயரைக் கொண்டு தேடினேன்.

உறுதிகள்

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச்சட்டத்துக்குப் பிறகு காணி கைமாறுவதென்றால் நொத்தாரிசு முன்னிலையில் உறுதி முடிக்க வேண்டும் என்று ஆனது. 1863இல் காணிப் பதிவு வந்தது. நொத்தாரிசுமார் தாங்கள் முடிக்கும் ஒவ்வோர் உறுதிக்கும் இரண்டாம் பிரதியைப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும். குடும்பத்தின் கையிலிருந்த மூலம் தொலைந்தாலும், எரிந்தாலும், கறையான் அரித்தாலும் பதிவகத்தில் ஒரு பிரதி மிஞ்சியிருக்க வாய்ப்பு உண்டு. போரில் உறுதிப்பெட்டியைப் பறிகொடுத்த குடும்பங்கள் இதை மறந்துவிடுகின்றன.

சீதன உறுதி கிடைத்தது. வழக்கம்போல் காணியின் பெயர், பரப்பு, நாலு எல்லை, வீடு, கிணற்றில் பங்கு, துலா, பனை வடலி, வழி வாய்க்கால் உரிமை என்று நீளமாகப் போகிறது. அதன் நடுவில் மேற்குப் பக்கத்துச் சேமக்காலை ஒன்பது குழியும் அதற்குப் போய்வரும் வழியும் நீங்கலாக என்று ஒரு வரி. அதற்கு அடுத்த தலைமுறையின் சீதன உறுதியிலும் அந்த வரி இருக்கிறது. அதற்கடுத்ததில் இல்லை. அந்த நொத்தாரிசு முந்திய உறுதியைச் சுருக்கி எழுதியிருக்கிறார். காணி மொத்தப் பரப்பாக வந்துவிட்டது. காகிதத்தில் சேமக்காலை தொலைந்தது அந்த இடத்தில்தான். குண்டும் புல்டோசரும் பிறகு வந்தவை.

குழி என்பது இங்கே நில அளவு. பதினெட்டுக் குழி ஒரு பரப்பு, பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். ஒன்பது குழி என்றால் அரைப் பரப்பு, ஏறக்குறைய 1,360 சதுர அடி. ஐந்தாறு கட்டுக் கல்லறைகளும் ஒரு மதிலும் தாராளமாக அடங்கும் இடம். படத்தோடு ஒத்துப்போகிற அளவு.

சொந்த உறுதியில் அந்த வரி அற்றுப்போனாலும் பக்கத்துக் காணிக்காரரின் உறுதியில் அது வேறு வடிவத்தில் உயிரோடு இருந்தது. மேற்கே இருக்கும் காணிக்கு எல்லை சொல்லும்போது கிழக்கு சேமக்காலை என்று எழுதியிருக்கிறார்கள். எல்லை வாசகத்தை நொத்தாரிசுமார் அப்படியே முந்திய உறுதியிலிருந்து பெயர்த்து எழுதுவது வழக்கம். அதனால் இந்த வார்த்தை சொந்தக் காணியில் அழிந்த பிறகும் இரண்டு தலைமுறைக்கு அயல் காணியில் நின்றிருக்கிறது. தேடுகிறவர்கள் தங்கள் காணியின் உறுதியோடு நின்றுவிடக் கூடாது. நாலு பக்கத்து அயலவரின் உறுதிகளையும் கேட்டு வாசிக்க வேண்டும். சங்கடமான வேலைதான். காணிப் பிரச்சினை எடுக்க வந்தவன் என்று சந்தேகப்படுவார்கள். ஊரில் மதிப்புள்ள ஒருவரோடு போவது நல்லது.

அயல் காணியில் இன்னொரு புதையலும் இருந்தது. ஒரு காலத்தில் அந்த அயல் குடும்பத்துக்குள் பங்கு வழக்கு நடந்திருக்கிறது. பங்கு வழக்கு என்றால் நீதிமன்றம் நில அளவையாளரை அனுப்பும், வரைபடம் கீறப்படும். அந்த வரைபடத்தின் பிரதியை அவர்கள் 1990இல் ஊரை விட்டு ஓடியபோதும், 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமமே எழுந்து தென்மராட்சிக்கு நடந்தபோதும் உறுதிகளோடு சேர்த்துச் சுமந்திருக்கிறார்கள். சேலைத் துண்டில் சுற்றி வைத்திருந்த அந்தத் தாளில் இரண்டு கிணறுகளும், கிழக்கு எல்லையில் சேமக்காலை மதிலும், இடையில் உள்ள தூரங்களும் சங்கிலிக் கணக்கில் இருந்தன. 66 அடி ஒரு சங்கிலி, சங்கிலிக்கு நூறு கண்ணி. அடிக்கு மாற்றினால் இடம் கையில் வந்துவிடும்.

மலாயாவுக்கு வந்த கடிதங்கள்

ரொறன்ரோ அம்மாவிடம் கொஞ்சம் கடிதங்களும் இருந்தன. கறுப்பு மை மங்கிப்போன தாள்கள். சேமக்காலை பற்றி ஒன்றும் இல்லை என்று நினைத்து அனுப்பாமல் வைத்திருந்தார். ஊரில் இருந்த தமக்கை, மலாயா ரயில்வேயில் வேலையாக இருந்த தம்பிக்கு எழுதியவை. மழை, புகையிலை விலை, மாடு கன்று போட்டது என்று பலதும் சொல்லிவிட்டு, நீ அனுப்பின காசில் மதில் கட்டி முடிந்தது என்று ஒரு வரி எழுதியிருக்கிறார். எந்த மதில் என்று சொல்லவில்லை. அதற்கு அடுத்த கடிதத்தில் அப்புவின் தலைமாட்டுக் கல்லுக்கு வெள்ளை அடித்ததைச் சொல்கிறார்.

தம்பி காசு அனுப்பினார், தமக்கை வேலை செய்வித்தார். தம்பியின் பேரப்பிள்ளைகளுக்கு அது எங்கள் காணி, அப்பப்பாவின் காணி என்று நினைவில் பதிந்தது இயல்பு. காசு போன இடம் சொந்த இடம்தானே. 1942இல் ஜப்பானியர் மலாயாவைப் பிடித்ததும் கடிதப் போக்குவரத்து அறுந்தது. போர் முடிந்தபோது தமக்கையும் இல்லை, தம்பியும் இல்லை. பிள்ளைகளுக்கு ஊரில் யாருக்கு எழுதுவதென்றே தெரியவில்லை.

சுன்னாகத்தில்

பெண்வழியின் இன்றைய வாரிசுகளில் மூத்தவர் சுன்னாகத்தில் இருக்கிறார். தலைமுறைகளுக்கு முன்பே அந்தக் கிளை சைவக் குடும்பத்தில் கலியாணம் செய்து சைவமாகிவிட்டது. வேதக்காரர் கல்லறை பற்றிக் கேட்டால் என்ன நினைப்பாரோ என்று யோசித்துத்தான் போனேன். நான் கேள்வியை முடிக்க முன்னமே அவர் சொல்லத் தொடங்கிவிட்டார்.

“மேற்குப் பக்கத்தை எங்கட அம்மம்மா கொத்த விடமாட்டா தம்பி. அதில எங்கட பெரியவை கிடக்கினம் எண்டுவா. நாங்கள் சைவம், அவை வேதம். எண்டாலும் அதைத் தாண்டிப் போகேக்க செருப்பைக் கழட்டிப்போட்டுத்தான் போவம்.”

“கல்லறை எத்தினை எண்டு ஞாபகம் இருக்கோ அம்மா?”

“அஞ்சு. ஒண்டு படி வைச்சுக் கட்டினது. அதில ஏறி இருந்து மாங்காய் திண்டதுக்கு நான் அடியும் வாங்கினனான்.”

படத்தை அவர் அதுவரை பார்க்கவில்லை. காட்டியபோது இடமிருந்து இரண்டாவதாக இருந்த மூன்று படிக் கல்லறையில் விரலை வைத்தார். வாய்மொழிச் சான்றைப் பதியும்போது படத்தைக் கடைசியில் காட்ட வேண்டும் என்பதற்காகத்தான் அதை உறைக்குள்ளேயே வைத்திருந்தேன். படத்தை முதலே நீட்டியிருந்தால் அவர் சொன்னது நினைவா, படத்தைப் பார்த்துச் சொன்னதா என்று பிரித்தறிய முடியாமல் போயிருக்கும்.

முறை எண்ணிப் பார்த்தோம். ரொறன்ரோ அம்மாவின் தகப்பனும் சுன்னாகத்து அம்மாவின் அம்மம்மாவும் மச்சான் மச்சாள். அப்படியானால் வயதில் பெரிய வித்தியாசம் இல்லாத இந்த இருவரில் ஒருவர் மற்றவருக்குச் சின்னம்மா. தொலைபேசியில் முதல் வார்த்தையே “சின்னம்மா” என்றுதான் வந்தது. இந்த வேலையில் இருப்பவனுக்கு இதைவிடப் பெரிய கூலி இல்லை.

நிலம்

அந்தக் குறிச்சி 1990 யூன் மாதத்துக்குப் பிறகு உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டது. 2009இல் போர் முடிந்தபின் வலிகாமம் வடக்குக் காணிகள் கட்டம் கட்டமாக விடப்பட்டன. திரும்பிப் போனவர்களுக்குத் தெரியும், அங்கே வீடு இல்லை, வேலி இல்லை, ஒழுங்கையே இல்லை. கதியால் நின்ற கோடுகள் எல்லாம் பற்றைக்குள் மறைந்துவிட்டன. எல்லைக் கல்லைத் தேடிக் களைத்தவர்கள் கடைசியில் கிணற்றைத் தேடினார்கள். யாழ்ப்பாணத்துக் கிணறு சுண்ணாம்புக் கல்லைக் குடைந்து வெட்டியது. தூர்ந்து போகலாம், ஆனால் இடம் மாறாது. ஊர்க்காரர் பலர் தங்கள் வளவை அடையாளம் பிடித்ததே கிணற்றை வைத்துத்தான்.

நாங்களும் அதைத்தான் செய்தோம். பங்கு வழக்கு வரைபடத்தில் இருந்த இரண்டு கிணறுகளில் ஒன்று திறந்தபடியே கிடந்தது. மற்றது கல்லும் முட்கம்பியும் போட்டு நிரப்பப்பட்டு, சுற்றுக்கட்டின் ஒரு பகுதி மட்டும் வெளியே தெரிந்தது. உரிமம் பெற்ற நில அளவையாளர் ஒருவர் இரண்டு கிணற்றின் மையத்தையும் எடுத்து, பழைய தூரங்களைப் பொருத்தி, மதில் இருந்திருக்க வேண்டிய கோட்டைக் குறித்தார். 1956இல் நாடு முழுவதும் எடுத்த வான்படங்களில் அந்தப் பகுதிக்கான படத்தையும் ஒப்பிட்டோம். வளவின் மேற்கு ஓரத்தில் சின்னஞ்சிறு நாற்சதுரம் ஒன்று வெளிறித் தெரிகிறது. அதை மட்டும் வைத்துச் சேமக்காலை என்று சொல்லிவிட முடியாது. வரைபடத்தோடு சேர்த்துப் பார்க்கும்போது அதற்கு மதிப்பு வருகிறது.

கண்ணிவெடி அகற்றிச் சான்று கொடுத்த காணிதான். ஆனாலும் மண்வெட்டி எடுக்க வேண்டாம் என்று முதலிலேயே முடிவெடுத்தோம். வெடிபொருள் பயம் ஒரு பக்கம். அடக்கம் செய்த இடத்தை அனுமதியில்லாமல் தோண்டுவது சட்டத்துக்கும் மனச்சாட்சிக்கும் விரோதம் என்பது மறுபக்கம். கத்தியால் பற்றையை மட்டும் வெட்டி, விளக்குமாறால் சருகைக் கூட்டினோம். மதிலின் அத்திவாரம் ஒரு மூலையோடு வந்தது. அதற்குள் கிழக்கு மேற்காக நீண்ட மூன்று அடித்தளங்கள், சுண்ணக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். ஒன்றில் இரண்டு படிகளின் விளிம்பு முறியாமல் இருக்கிறது. மூன்றாவது படி இருந்த இடத்தில் சாந்துத் தடம் தெரிகிறது. பெயர் பொறித்த கல் ஒன்றும் இல்லை.

அங்கே பாறை ஆழமில்லை. செம்மண் இரண்டு முழம்கூட இருக்காது. அதனால்தான் கல்லறைகளை நிலத்துக்கு மேலே உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். உயர்த்திக் கட்டிய பகுதிதான் முதலில் உடைபடும். நாலாவதும் ஐந்தாவதும் இருக்க வேண்டிய இடத்தின் மேல் இப்போது ஒரு மண் அணை கிடக்கிறது.

எதை நிறுவியிருக்கிறோம்

இந்த இடம்தான் உறுதியில் நீங்கலாக விட்ட சேமக்காலை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. உறுதி, அயல் உறுதியின் எல்லை, பங்கு வழக்கு வரைபடம், வான்படம், சுன்னாகத்து அம்மாவின் வாக்குமூலம், படிக் கல்லறையின் அடித்தளம் ஆகிய எல்லாம் ஒன்றை ஒன்று பாராமல் ஒரே இடத்தைக் காட்டுகின்றன. பூட்டனும் பூட்டியும் அங்கே கிடக்கிறார்கள் என்பதும் பெரும்பாலும் உறுதி. தலைமாட்டுக் கல் பற்றிய கடிதம் அதற்குப் பலம். எந்த அடித்தளம் யாருடையது என்று சொல்ல மட்டும் ஆதாரம் போதாது. சொல்லச் சொல்லிச் சிலர் கேட்டார்கள். ஊகத்தைக் கல்லில் வெட்டினால் அடுத்த தலைமுறை அதை உண்மை என்று எடுத்துக்கொள்ளும் என்பதால் மறுத்துவிட்டேன்.

1913இல் வெளிவந்த லூயிஸ் தொகுத்த கல்லறை வாசகப் பட்டியலையும் பார்த்தோம். ஒல்லாந்தர், ஆங்கிலேயர், மிஷனரிமார் கல்லறைகளுக்கு அது பொக்கிஷம். தமிழ்க் குடும்பங்களின் வீட்டு வளவுச் சேமக்காலைகளுக்கு அதில் இடம் இருக்கவில்லை. கோட்டைக்குள் 1706இல் கட்டிய ஒல்லாந்தர் தேவாலயம் போரில் தரைமட்டமானபோதும் அதன் கல்வெட்டு வாசகங்கள் அச்சில் மிஞ்சின. எங்கள் ஆட்களின் கல்லறைகளுக்கு அந்தப் பாதுகாப்பும் கிடைக்கவில்லை. இன்று நின்றுகொண்டிருக்கும் வளவுச் சேமக்காலைகளை யாராவது இப்போதே படமெடுத்து, வாசகத்தைப் பெயர்த்து வைக்க வேண்டும் என்று நான் ஓயாமல் கேட்பது அதனால்தான்.

காணி விஷயத்தில் ஒரு சங்கதி கடைசியாகத் தெளிந்தது. ஒன்பது குழியையும் நீங்கலாக விட்டுத்தான் மகளுக்குச் சீதனம் எழுதினார்கள். ஆகவே அந்தத் துண்டு சீதனத்துக்குள் போகவே இல்லை, பெற்றோரிடமே நின்றிருக்கிறது. சீதனம் பெற்ற மகளுக்கு மிகுதியில் பங்கில்லை என்ற பழைய தேசவழமையைப் பொருத்தினால் அது ஆண்மக்களுக்கு இறங்கியிருக்க வேண்டும் என்பது நாங்கள் கேட்ட சட்டத்தரணியின் கருத்து. வளவு பெண்களுடையது, கல்லறைத் துண்டு ஆண்மக்களுடையது. அப்பப்பாவின் காணி என்று ரொறன்ரோவில் சொல்லிவந்த கதைக்குள்ளும் ஒன்பது குழி அளவுக்கு உண்மை இருந்திருக்கிறது. பத்து வருடம் தொடர்ந்து ஆண்டவருக்கே காணி என்ற ஆட்சி வாதத்தையும், போரால் காணிக்குப் போக முடியாமல் இருந்தவர்களுக்காக 2016இல் வந்த ஆட்சியுரிமைச் சிறப்பு ஏற்பாடுகள் சட்டத்தையும் சட்டத்தரணி எடுத்துச் சொன்னார். இரு பக்கத்தாரும் ஒரே மனதாக இருந்ததால் நீதிமன்றப் படி ஏற வேண்டி வரவில்லை.

புதிய வரைபடம் கீறி, ஒன்பது குழியையும் போய்வரும் வழியையும் தனித் துண்டாகக் காட்டி, இரண்டு கிளையும் சேர்ந்து உறுதி முடித்துக் காணிப் பதிவகத்தில் பதிந்திருக்கிறார்கள். அயல் காணிக்காரரின் உறுதியில் எப்போதாவது திருத்தம் வந்தால் கிழக்கு எல்லையில் சேமக்காலை என்ற பழைய வாசகத்தைத் திரும்ப எழுதுவதாக அவர்களும் ஒப்புக்கொண்டார்கள். மண் அணையை அகற்ற அனுமதி கேட்டு விண்ணப்பம் போயிருக்கிறது. அகற்றும் நாளில் கையால் மட்டும் மண் எடுக்க வேண்டும், நில அளவையாளரும் இரு கிளையிலிருந்தும் ஒவ்வொருவரும் உடன் நிற்க வேண்டும், கீழே அடித்தளம் தெரிந்தால் அந்த மட்டத்தோடு நிறுத்திவிட வேண்டும் என்று எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறார்கள்.